ரே ஏரிகளுக்குத் தனியாக – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

உங்கள் சியரா நெவாடா மலைப் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நான் சன்னிவேலில் இருக்கிறேன், வயது 41, ஐடி வேலை. நண்பர்களோடு யோசெமிட்டியில் இரண்டு நாள் பை தூக்கி நடந்ததுதான் என் மலை அனுபவம். வருகிற செப்டம்பரில் ரே லேக்ஸ் சுற்றை ஐந்து நாளில் தனியாக நடக்க பெர்மிட் வாங்கிவிட்டேன். வீட்டில் ஒரே சண்டை. "தனியாப் போய் என்ன கிழிக்கப் போறீங்க?" என்கிறாள் மனைவி. தனிமையில் நம்மை நாமே சந்திக்கலாம் என்று எங்கோ படித்ததைச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. உங்களுக்கு அங்கே அப்படி ஏதாவது கிடைத்ததா? கரடி பயம் இல்லையா? சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? அவளைச் சம்மதிக்க வைக்க ஒரு வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கே.

அன்புள்ள கே.,

உங்கள் மனைவி கேட்டது சரியான கேள்வி. அதற்கு என்னிடமும் நல்ல பதில் கிடையாது. நான்கு முறை தனியாகப் போய்வந்த பிறகும் கிடையாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரே லேக்ஸ் சுற்று கலிபோர்னியாவின் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவில், தார்ச்சாலை முடிகிற இடத்தில் தொடங்கி அங்கேயே வந்து முடிகிற 66 கிலோமீட்டர் நடை. அந்த இடத்துக்குப் பெயரே ரோட்ஸ் எண்ட்தான். 1,535 மீட்டரில் கிளம்பி க்ளென் கணவாயில் 3,651 மீட்டர் வரை ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும், அதாவது நம் தொட்டபெட்டாவுக்கு மேல் இன்னொரு ஆயிரம் மீட்டர். கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாம் முதுகில். நடுவில் கடை கிடையாது, செல்போன் சிக்னலும் கிடையாது.

நம்மை நாமே சந்திப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் நாள் பாரடைஸ் பள்ளத்தாக்கு வரை என் மண்டைக்குள் ஓடியது ஒரு பழைய வாஷிங் பவுடர் விளம்பரப் பாட்டு. ஆறு மணிநேரம், அதே நான்கு வரி. இரண்டாம் நாள் முழுக்க இடது தோளில் பையின் வார் அழுத்துகிறது என்பதைத் தவிர வேறு சிந்தனையே இல்லை, நடுவில் எப்போதோ நடந்த ஒரு ஆபீஸ் சண்டையில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனேன், ஒரு மார்மட், அதாவது குண்டான மலை அணில், பாறை மேல் நின்று கேட்டது. இப்படிச் சந்தித்த ஆள் ஒன்றும் பெரிய சுவாரசியமானவர் இல்லை, சார்.

ஆனால் மூன்றாம் நாள் நடந்ததை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். அந்தக் கட்டுரையில் நான் அதை நாசூக்காக ஒரு வரியில் தாண்டிப் போயிருந்தேன், வீட்டுக்காரி படிப்பாளே என்கிற ஒரே காரணத்தால்.

அது ஒரு ஆகஸ்ட் மாதம். காலை ஆறரைக்கு வுட்ஸ் க்ரீக் தொங்குபாலத்தைத் தாண்டினேன். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் கடக்கவும் என்று அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். தனியாக வந்தவனுக்கு எழுதியதுபோல இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டேன். பதினொன்றரைக்கெல்லாம் ரே ஏரிகளுக்கு வந்துவிட்டேன். திட்டப்படி அன்றிரவு அங்கேதான் தங்கல். ஃபின் டோம் பாறை தண்ணீரில் தலைகீழாகத் தெரிகிறது, எதிரே பெயின்டட் லேடி சிகரம் வரிவரியாக நிறம் காட்டுகிறது, அப்படி ஒரு இடம். படம் எடுத்தேன். கால் கழுவினேன். அப்புறம்? பேச ஆளில்லை, செய்ய வேலையில்லை. அரைமணி நேரத்தில் எனக்கு போரடித்துவிட்டது. உலகத்தின் மிக அழகான இடங்களில் ஒன்றில் உட்கார்ந்து போரடித்தது என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. சரி, இன்றைக்கே கணவாயைத் தாண்டிவிட்டால் ஒரு நாள் மிச்சம் என்று தோன்றியது. மலைமுகட்டுக்கு மேல் இட்லி மாதிரி இரண்டு மேகம் உப்பிக்கொண்டிருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

சியராவில் கோடைக்கால மதியங்களில் இடி மின்னல் வருவது சாதாரணம், காலையில் பாறைகள் சூடேற ஏற ஈரக்காற்று மேலே எழும்பி மதியத்துக்குள் மேகமாகத் திரண்டுவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும், இதைப் பற்றி உபதேசம் பண்ணி ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன்! க்ளென் கணவாயின் வடக்குச் சரிவில் மரங்கள் நின்றுவிடும், அப்புறம் வெறும் கற்குவியலும் வளைந்து வளைந்து ஏறும் பாதையும்தான். உச்சி கத்தி முனைபோல ஒடுங்கிய முகடு. அதற்கு இன்னும் பத்து நிமிடம் என்கிற இடத்தில் ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணினேன், ஐந்து நொடி. அடுத்தது மூன்று. உலோகக் கைத்தடிகளைத் தூக்கி எறிந்துவிட்டு, கொஞ்சம் கீழே ஓடி, படுக்கிற ஃபோம் விரிப்பை மடித்துப் போட்டு அதன்மேல் குந்தி உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம். கந்த சஷ்டி கவசம் பாதியில் மறந்துபோய், திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஓய்ந்ததும் வெள்ளையாகிக் கிடந்த பாதையில் வழுக்கி வழுக்கி ஏரிக்கே திரும்பினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே முகட்டில் நின்றபோது வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

கிளம்பும்போது என் மூளைக்குள் ஒரு வாதம் நடக்கத்தான் செய்தது. மேகம் இருக்கிறதே என்றது ஒரு பக்கம். சின்ன மேகம்தானே என்றது இன்னொரு பக்கம். ஆனால் வாதியும் நான், பிரதிவாதியும் நான், தீர்ப்புச் சொல்கிறவனும் நான், அதுவும் போரடித்துப் போயிருக்கிற நான். கூட ஒரு சோம்பேறி நண்பன் இருந்திருந்தால் போதும், "பேசாம இங்கயே டென்ட்டப் போடுறா, கால் வலிக்குது" என்று சொல்லியிருப்பான், எல்லாம் முடிந்திருக்கும். தனியாகப் போவதில் எனக்குத் தெரிந்த ஆபத்து இதுதான் கே., மறுத்துப் பேச ஆளில்லாமல் போவது. கால் பிசகினால் தூக்க ஆளில்லை என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

அனுபவம் இதைச் சரிசெய்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். இதே கிங்ஸ் கேன்யன் மலைகளில் ராண்டி மார்கன்சன் என்று ஒரு ரேஞ்சர், பூங்காக் காவலர், இருந்தார், 28 கோடைகள் இந்தக் காட்டிலேயே வேலை செய்தவர், தொலைந்துபோனவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதில் பேர்போனவர். 1996 ஜூலையில் ரோந்துக்குத் தனியாகக் கிளம்பியவர் திரும்பி வரவில்லை. பெரிய தேடல் நடந்தது. உடல் எச்சங்கள் கிடைத்தது 2001இல். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை, இல்லை, கொஞ்சம் பயமுறுத்தத்தான் சொல்கிறேன்.

கரடிக்குப் பயப்பட வேண்டாம். அங்கே இருப்பது கருங்கரடி மட்டும், கலிபோர்னியா கொடியில் கம்பீரமாக நடக்கிற கிரிஸ்லி இந்த மாநிலத்தில் 1920களோடு ஒழிந்துபோனது. கருங்கரடிக்கு வேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் சாப்பாடு. அதனால் சாப்பாடு முழுவதையும் கரடியால் திறக்க முடியாத கெட்டி டப்பாவில் வைத்து, இரவில் கூடாரத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும், பற்பசை, சன்ஸ்க்ரீன், லிப் பாம் என்று வாசனை உள்ள எல்லாம் அதற்குள். பெருங்காயம் கட்டாயம் அதற்குள்.

மனைவியைச் சம்மதிக்க வைக்க வழி கேட்டீர்கள். என்னிடம் இல்லை, இருந்தாலும் சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலாக அவரோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு தாள் எழுதுங்கள். எந்த இரவு எங்கே தங்கல், எந்த இடத்தை எத்தனை மணிக்குள் தாண்டாவிட்டால் திரும்ப வேண்டும், கூடார நிறம், கார் நம்பர், எந்தக் கிழமை எத்தனை மணிவரை சேதி இல்லையென்றால் பூங்கா அலுவலகத்தைக் கூப்பிட வேண்டும், எல்லாம். முடிவுகளை மூளைக்கு ஆக்ஸிஜன் ஒழுங்காகப் போகிற இடத்தில் வைத்தே எடுத்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டுத் தாளில் மனைவி கையெழுத்தில் ஒரு வரி உண்டு, "மேகத்தப் பாத்தா திரும்பு, கௌரவம் பாக்காத." இப்போதெல்லாம் கணவாய்களை மதியத்துக்கு முன்பே தாண்டிவிடுகிறேன், முடியாவிட்டால் அன்றைக்கு ஏறுவதில்லை. ஏரிக்கரையில் போரடித்தபடி கிடக்கிறேன்.

செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகச் சேதி அனுப்புகிற சாட்டிலைட் மெசஞ்சர் எடுத்துப் போங்கள், ஆனால் சேதி வராவிட்டால் ஆபத்து என்று அர்த்தமில்லை என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆழமான பள்ளத்தாக்கில் அடர்ந்த மரத்தடியில் அது மணிக்கணக்கில் திணறும். ஒருமுறை நான் இரவு அனுப்பியது காலையில்தான் போய்ச் சேர்ந்தது. என் மனைவி தூங்கவே இல்லை. செப்டம்பரில் இடி குறைவு, ஆனால் பகல் சுருங்கிவிடும், இரவில் தண்ணீர் பாட்டில் உறையலாம், சில வருடம் பனியும் முந்திக்கொண்டு வரும். கடிகாரச் சுற்றில் போங்கள், ஏற்றம் மெதுவாக வரும், உயரத்தால் வரும் தலைவலி குறையும்.

சாப்பாடு. அரிசி பருப்பெல்லாம் வேண்டாம். ரே ஏரிகளின் உயரத்தில் தண்ணீர் 89 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது, கேஸ்தான் தீரும். நான் எடுத்துப் போவது அவல், கூஸ்கூஸ், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி. வெந்நீரை ஊற்றி மூடி வைத்தால் பத்து நிமிடத்தில் புளிச்சோறு மாதிரி ஒன்று. நல்லெண்ணெய் சின்ன பாட்டிலில். தேங்காய் எண்ணெய் கொண்டுபோய்விட்டு, கட்டியானதை விரலால் நோண்டித் தின்ற அனுபவம் உண்டு.

கரடி டப்பா வாங்கிச் செலவு பண்ணாதீர்கள். நான் ஃப்ரீமாண்ட்தான், வந்து என்னுடையதை எடுத்துக்கொண்டு போங்கள், காலியாகவே ஒன்றேகால் கிலோ கனக்கும். அதன் மூடியை நாணயத்தை வைத்துத் திருகித்தான் திறக்க முடியும். முதல் பயணத்தில் எடை குறைக்கிறேன் பேர்வழி என்று சில்லறையை எல்லாம் காரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். பாரடைஸ் பள்ளத்தாக்கில் நல்ல இருட்டில் பசியோடு அந்த டப்பாவை உருட்டிக்கொண்டு கரடி மாதிரியே உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் தூரத்தில் தெரிந்த ஒரு டார்ச் வெளிச்சத்தைத் தேடிப் போனேன். அன்று மதியத்துக்கு அப்புறம் நான் இன்னொரு மனிதரிடம் பேசிய முதல் வார்த்தையே "கால் டாலர் காசு இருக்குமா?" என்பதுதான். இப்போது டப்பாவின் அடியில் ஒரு நாணயத்தை டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். பிய்த்து எடுத்தால் திரும்ப ஒட்டிவிடுங்கள்.