வெளிநாட்டுக் கடற்கரை நகரம் ஒன்றில் மாணவராக இருப்பது எப்படி இருக்கும்? அன்றாட வாழ்க்கையைச் சொல்ல முடியுமா?

நான் தூத்துக்குடிக்காரன். 2022 ஜூலை முதல் இரண்டரை ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உயிர்வேதியியலில் முதுநிலை ஆய்வு செய்தேன். 'கடற்கரை நகரம்' என்று கேட்டிருப்பதால் ஏமாற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலை வாரத்துக்கு ஒரு முறை பார்த்திருந்தால் அதிகம். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்துக்குப் பல வளாகங்கள் உண்டு. என் ஆய்வகம் இருந்த வெஸ்ட்வில் வளாகம் கடலிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, மேட்டில் இருக்கிறது. ஹோவர்ட் கல்லூரி வளாகத்துக்கு வேலையாகப் போகும் நாட்களில் மட்டும் துறைமுகமும், அதற்கு வெளியே முறைக்குக் காத்து நிற்கும் கப்பல்களும் தெரியும். போதாக்குறைக்கு நான் போய் இறங்கியது அந்த ஆண்டு ஏப்ரலில் டர்பனில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு. கழிவுநீர் நிலையங்கள் சேதமடைந்து, கடற்கரையின் பல பகுதிகளில் குளிக்கத் தடை. முத்துநகரிலிருந்து போனவன் பல மாதம் கால்கூட நனைக்கவில்லை.

கடல் கிழக்கே இருந்ததால் திசை குழம்பாது என்று நினைத்தேன். குழம்பியது. அங்கே நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். துணி காயப் போட வடக்கு வெயில் படும் இடம் தேட வேண்டும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். உடனே ஹடேடா என்ற அரிவாள்மூக்கன் வகைப் பறவை கூரைமேல் உட்கார்ந்து, யாரோ அதன் கழுத்தைப் பிடித்த மாதிரி கத்தும். அலாரம் வைத்து எழுந்த நாட்கள் குறைவு. இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் என்பதை அம்மா கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. "எட்டு மணி ஆகிறது, இன்னும் தூங்குகிறாயா?" என்று கேட்பார். அங்கே நாலரை.

தங்கியது ரிசர்வாயர் ஹில்ஸ் என்ற பகுதியில், ஒரு வீட்டின் பின்னால் தனியாகக் கட்டிய ஓர் அறையில். வெஸ்ட்வில் மாணவர்கள் பலர் இப்படித்தான் அங்கே வாடகைக்கு இருக்கிறார்கள். தெரு முழுக்க நாயுடு, பிள்ளை, மூட்லி, கவெண்டர். மூட்லி என்பது நம் முதலியார், கவெண்டர் என்பது கவுண்டர்; அந்தக் காலத்து எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியது அப்படியே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தெருவிலேயே குடும்பப் பெயர் இல்லாத ஒரே தமிழன் நான்தான். முன்னெழுத்தைக் காட்டி எவ்வளவு விளக்கினாலும் அலுவலகப் படிவம் கேட்காது. அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டார்கள். அதன் பிறகு பேராசிரியர் முதல் காவலாளி வரை எல்லோரும் என் அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். நான் ஆன்ட்டி என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். 'தம்பி' தமிழ், அதற்கு அடுத்து வரும் எல்லாம் ஆங்கிலம். சோறு, ரசம், தண்ணி, ஐயோ என்று சமையலறையில் சில சொற்கள் தப்பித்திருந்தன. சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-இல் டர்பனுக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கென்று கொண்டுவரப்பட்டவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஆன்ட்டியின் பாட்டனார் அதில் ஒருவர். அவர் வந்த கப்பலின் பட்டியலில் ஒரு பக்கத்தை நகலெடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். பெயர், எண், வயது, ஜில்லா, ஊர். ஜில்லா வட ஆற்காடு என்று படிக்க முடிந்தது. ஊரின் பெயரை நான் நான்கு விதமாக வாசித்துக் காட்டினேன். நான்கையும் அவர் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் சில வாரங்கள் எனக்குள் ஒரு மேட்டிமை இருந்தது. 'பாவம், மொழியைத் தொலைத்துவிட்டார்கள்' என்ற நினைப்பு. அது செப்டம்பர் நடுவில் ஒரு மாலை உடைந்தது. கடையிலிருந்து கோழி வாங்கி வந்து அறையில் வதக்கிக்கொண்டிருந்தேன். வாசனை வீட்டுக்குள் போயிருக்கிறது. ஆன்ட்டி வாசலில் வந்து நின்றார். "தம்பி, புரட்டாசி தொடங்கிவிட்டது. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நான் செப்டம்பர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அம்மா புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மட்டும் அசைவம் சமைக்க மாட்டார். எனக்கு அது அம்மாவின் பழக்கம், அவ்வளவுதான். இங்கே மாதம் முழுவதும் தெருவே விரதம். கடைகளில் 'புரட்டாசி' என்று ஆங்கில எழுத்தில் பலகை வைத்துக் காய்கறி உணவு விற்கிறார்கள். அந்தக் கோழியை ஆன்ட்டி தூக்கி எறியச் சொல்லவில்லை. "சட்டியை மட்டும் என் சமையலறைக்குக் கொண்டுவராதே" என்றார். அது இன்னும் வலித்தது.

ஆடிக்கூழும் அப்படித்தான். ஊரில் வெயிலுக்குக் கூழ் என்பார்கள். டர்பனில் ஆடி என்பது குளிர்காலம். சூடேற்றும் வசதி இல்லாத அறையில் இரவெல்லாம் நடுங்கிவிட்டு, காலையில் மாரியம்மன் கோயிலில் கூழ்ப் பாத்திரத்தைக் கையில் வாங்கினால் கன்னத்தில் வைத்துக்கொள்ளத் தோன்றும். ஆன்ட்டி ஆங்கில எழுத்தில் அச்சடித்த தேவாரப் புத்தகத்தைப் பார்த்து ஒரு பதிகம் முழுவதையும் பிசகாமல் பாடினார். பாடி முடித்து என்னிடம் பொருள் கேட்டார். மூன்றாவது அடிக்கு மேல் எனக்கும் தெரியவில்லை. தீபாவளியோ ஆண்டிறுதித் தேர்வுக் காலத்தில் வந்து மாட்டிக்கொள்ளும்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. டர்பனின் புகழ்பெற்ற உணவுக்குப் பெயர் 'பன்னி சௌ'. கால் ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றித் தருவார்கள். கையால் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும். பனியாக்கள் என்ற இந்திய வணிகச் சமூகத்தாரின் கடைகளிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். முதல் வாரம் தொலைபேசியில் "மதியம் பன்னி சாப்பிட்டேன்" என்றேன். மறுமுனையில் நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு அப்பா வாங்கி, "அங்கே வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார். மாணவர்களுக்கு அவரைக்காய்க் கொட்டை போன்ற பீன்ஸ் பன்னிதான் கட்டுப்படியாகும். ஒன்று வாங்கினால் இரவுக்கும் பசிக்காது.

போக்குவரத்தில்தான் புதிதாகப் போகிறவர்கள் திணறுவார்கள். பதினைந்து பேர் அமரும் வெள்ளை வேன்கள்தான் அங்கே 'டாக்ஸி'. கால அட்டவணை கிடையாது, நிறைந்தால் கிளம்பும். பாட்டுச் சத்தத்தில் நெஞ்சுக்கூடு அதிரும். நடத்துநர் இல்லாத வண்டியில் காசு பின்னாலிருந்து கை மாறிக் கை மாறி முன்னே வரும். முன் இருக்கையில் உட்கார்ந்தவர் கணக்குப் பார்த்துச் சில்லறை திருப்ப வேண்டும். இது தெரியாமல் முதல் நாளே முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். கணக்கு உதைத்ததும் பின்னால் ஒரு ஜூலு பாட்டி சிரித்துக்கொண்டே என்னை மீட்டார். அன்று கற்ற 'நியாபோங்கா', அதாவது நன்றி, மற்ற எல்லாப் பாடத்தையும்விட அதிகம் பயன்பட்டது.

இருட்டிய பிறகு நடக்காதீர்கள். இதை மழுப்ப விரும்பவில்லை. வார்விக் சந்திப்பின் சந்தையில் வழி பார்க்கத் தொலைபேசியை வெளியே எடுத்தேன். மூலிகை விற்ற பெண் என் மணிக்கட்டைப் பிடித்து அதைப் பைக்குள் தள்ளினார். ஆய்வகம் தாமதமானால் மாணவர்கள் சேர்ந்துதான் திரும்புவோம்.

மின்வெட்டு வேறு. 2023 முழுவதும் அட்டவணை பார்த்துத்தான் வாழ்ந்தோம்: எப்போது சமைப்பது, எப்போது மின்கலத்தை நிரப்புவது. 2012-இல் தமிழ்நாட்டில் பள்ளிப் பாடம் படித்தவனுக்கு அது பெரிதில்லை. ஆனால் மாதக்கணக்கில் சேர்த்த மாதிரிகள் மைனஸ் 80 பாகை உறைபெட்டியில் இருக்கும்போது, மின்சாரம் போய் ஜெனரேட்டர் உறுமும் வரையான சில நொடிகள் நீளமானவை. 2024 மார்ச் இறுதியில் மின்வெட்டு நின்றது. பல வாரம் நாங்கள் நம்பவில்லை.

விசா பற்றி: தாமதமாகும், முன்கூட்டியே தொடங்குங்கள். மருத்துவக் காப்பீட்டை அந்த நாட்டு நிறுவனத்தில் எடுக்க வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தே பணக்கணக்குப் போடுங்கள். படிப்பு விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம். கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கும். வாழைப்பழத்தைச் சன்னலோரம் வைக்காதீர்கள், குரங்குகள் கம்பிக்குள் கை விடும்.

ஊர் திரும்பிவிட்டேன். இந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு மாலை ஆன்ட்டியிடமிருந்து குரல் செய்தி வந்தது. "தம்பி, நாளை புரட்டாசி. அம்மாவிடமும் சொல்." நான் அப்போது பரோட்டாக் கடையில் சால்னாவுக்குக் காத்திருந்தேன்.