சர்வீஸ் கடையோடு டேட்டா ரெக்கவரியும் தொடங்கலாமா? 5 லட்சம் போதுமா?

ஈரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறீர்கள், கையில் 5 லட்சம் இருக்கிறது, பழுதான டிஸ்க்கிலிருந்தும் கார்டிலிருந்தும் ஃபைல்களை மீட்டெடுக்கிற டேட்டா ரெக்கவரியில் இறங்கினால் ஓடுமா, எந்தக் கருவியை முதலில் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஓடும். ஆனால் பெரிய கருவி எதையும் இப்போது வாங்காதீர்கள். கோயம்புத்தூரில் 12 வருடமாக இந்த வேலையில்தான் இருக்கிறேன். எந்த டிஸ்க்கைத் தொடலாம், எதைத் தொடாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தெரிவதுதான் இதில் பாதித் தொழில். அது பணம் கொடுத்து வாங்குகிற விஷயம் இல்லை.

தொடங்கிய புதிதில் ஒரு கல்யாண ஸ்டுடியோக்காரர் 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றைக் கொண்டு வந்தார். மாட்டினால் திறக்க நேரமாகிறது, சில ஃபோல்டர் காலியாகத் தெரிகிறது என்றார். நான் அதை அப்படியே யுஎஸ்பியில் மாட்டி, ரெக்கவரி சாஃப்ட்வேரில் முழு ஸ்கேன் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் டிஸ்க் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. சென்னையில் ஒரு பெரிய லேபுக்கு அனுப்பினேன். பிளாட்டர் (டேட்டா பதிவாகிற உள்தட்டு) முழுக்கக் கீறல், எடுக்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்று குடும்பத்துக் கல்யாணப் படங்கள் அதில் இருந்தன. அவர் என்னைத் திட்டவில்லை. அந்த மூன்று வீட்டுக்கும் போய் நின்று பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான் என்பது இன்னும் மனதில் உறுத்துகிறது.

டிஸ்க் சுற்றும்போது, டேட்டாவைப் படிக்கிற ஹெட் பிளாட்டரைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமனே பல பத்தாயிரம் நானோமீட்டர். அந்த நிலையில் இருக்கிற ஹெட் பலவீனமானால், படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வது அதைக் கொல்வதற்குச் சமம். முழு ஸ்கேன் அதைத்தான் செய்கிறது. போதாததற்கு விண்டோஸ் தானாகவே டிஸ்க்கை மவுண்ட் செய்து, செக்டிஸ்க் ஓட்டட்டுமா என்று கேட்கும். ஓட்டினால் இருக்கிற ஃபைல் சிஸ்டத்தின் மேலேயே எழுதும்.

அதனால் முதலில் எடுக்க வேண்டியது ஃபைல் இல்லை, இமேஜ், அதாவது முழு டிஸ்க்கின் அச்சு நகல். லினக்ஸில் அதற்கு ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது. அது முதல் சுற்றில் சுலபமாக வருகிற பகுதிகளை அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கிற இடத்தைத் தாண்டிப் போய்விடும். விட்ட இடங்களை அடுத்தடுத்த சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்கும். எங்கே எது வந்தது என்பதை ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால், நடுவில் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். டிஸ்க்கை யுஎஸ்பியில் மாட்டாமல் நேராகக் கணினிக்குள் இருக்கிற சாட்டா போர்ட்டில் மாட்டுங்கள். இமேஜ் கைக்கு வந்த பிறகு டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக், ஆர்-ஸ்டூடியோ என்று எந்த ரெக்கவரி சாஃப்ட்வேரை வேண்டுமானாலும் அந்த இமேஜின் மேல் ஓட்டிப் பாருங்கள், பார்ட்டியின் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது.

உங்கள் ஊரில் முதலில் வரப்போவது பெரும்பாலும் மெமரி கார்டும் பென் டிரைவும்தான். முகூர்த்த மாதங்களில் கேமரா கார்டைத் தவறுதலாக ஃபார்மேட் செய்துவிட்டு ஓடி வருவார்கள். அதற்கு மேல் ஒரு படம்கூட எடுக்காமல் வந்திருந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஃபோட்டோரெக் பெயரைப் பார்க்காமல் ஃபைலின் தலைப்பு அடையாளத்தை வைத்துத் தேடுவதால் படம் வரும், பழைய பெயர் வராது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் படத்தை வாங்கிக்கொண்டு பெயருக்காகச் சண்டை போடுவார்கள். அதற்கடுத்துக் கணக்குப் பார்க்கிற அலுவலகங்களின் டேலி டேட்டா வரும்.

எஸ்எஸ்டி வேறு கதை. டிரிம் வேலை செய்கிற எஸ்எஸ்டியில் அழித்த ஃபைல் பெரும்பாலும் திரும்பாது. விண்டோஸ் 7 காலத்திலிருந்தே டிரிம் இருக்கிறது. அழித்ததும் அந்த இடங்கள் காலி என்று டிரைவுக்குத் தகவல் போய்விடுகிறது, பிறகு படித்தால் வெறும் பூஜ்யம். இப்போதைய ஃபோன்களில் எல்லாமே என்க்ரிப்ட் ஆகி இருப்பதால், ஃபேக்டரி ரீசெட் செய்தபின் தேடி எடுக்க ஒன்றும் இருக்காது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரேன்சம்வேர் தாக்கிய கணினி வந்தால், நோ மோர் ரேன்சம் தளத்தில் அந்த வகைக்கு இலவசச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முடியாது என்று அன்றைக்கே சொல்லுங்கள். "பார்க்கலாம், ஒரு வாரம் ஆகும்" என்று இழுத்து அட்வான்ஸ் வாங்குகிறவர்கள் உண்டு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

டிக் டிக் சத்தம், சுற்றாத மோட்டார், கீழே விழுந்த டிஸ்க் எல்லாம் உங்கள் மேஜைக்கு உரியவை அல்ல. ஒரு தடவைகூடப் பவர் கொடுக்காதீர்கள். ஹெட் மாற்றத் தூசி இல்லாத லேமினார் ஃப்ளோ பெஞ்ச் வேண்டும், பாகம் எடுக்க அதே மாடல் டோனார் டிஸ்க் வேண்டும், பழகிய கை வேண்டும். யூடியூபில் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறந்து காட்டுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை மாற்றினால் சரியாகிவிடும் என்பதும் பழைய காலத்துப் பேச்சு. இப்போது ஒவ்வொரு டிஸ்க்கின் போர்டிலும் அந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் ரோம் என்கிற சிப்பில் இருக்கின்றன. அந்த ரோமையும் புதுப் போர்டுக்குக் கொண்டுபோகாமல் போர்டை மட்டும் மாற்றினால் டிஸ்க் சரியாக வேலை செய்யாது. ஃப்ரீசரில் வைப்பதும் வேண்டாம், வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். வெள்ளத்தில் நனைந்த டிஸ்க் என்றால் ஹேர் டிரையர் போட்டுக் காய வைக்கக் கூடாது. சேறு பிளாட்டரில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு பையில் மூடி லேபுக்கு அனுப்ப வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையிலிருந்து என்னிடம் வந்த டிஸ்க்குகளில், வெயிலில் காய வைத்து எடுத்து வந்தவைதான் அதிகம் கைவிட்டுப் போயின.

இந்த மாதிரி கேஸ்களுக்கு நம்பிக்கையான ஒரு லேபோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கே அனுப்புகிறீர்கள், உங்களுக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பார்ட்டியிடம் மறைக்க வேண்டாம். நான் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறேன், அதனால் போன பார்ட்டி ஒருவர்கூட இல்லை. லேபுகள் வைத்திருக்கிற பிசி-3000 போன்ற கருவிக்குப் பல லட்சம் ஆகும். மாதா மாதம் போதுமான கேஸ் வந்து, வெளியே அனுப்புகிற தொகை கண்ணை உறுத்தும்போது அதைப் பற்றி யோசிக்கலாம்.

வாங்கும்போதே டிஸ்க்கின் சீரியல் எண்ணைப் பார்ட்டியின் கண் முன்னால் எழுதி, படம் எடுத்து, கையெழுத்து வாங்குங்கள். இதற்கு முன்னால் யார் யார் கை வைத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். வேலை முடிந்ததும் ஃபைல் பட்டியலைக் காட்டி, அவர்கள் முக்கியம் என்று சொல்கிற பத்து ஃபைலைத் திறந்து காட்டிய பிறகு பணம் வாங்குங்கள். டேட்டா வரவில்லை என்றால் நான் காசு வாங்குவதில்லை. டோனார் வாங்க வேண்டி வந்தால் அந்தச் செலவு மட்டும் முன்பணம், அதையும் எழுதித்தான் வாங்குகிறேன். உங்களிடம் இருக்கிற காப்பியைப் பத்து நாளில் அழித்துவிட்டு, அழித்தேன் என்று ஒரு மெசேஜ் அனுப்புங்கள்.

ஒரு குடும்பத்தின் முழு வாழ்க்கையும் உங்கள் கணினியில் வந்து உட்காரும். சரி பார்க்கத் தேவையானதைத் தவிர எதையும் திறக்கக் கூடாது. கடைப் பையன்கள் கையில் ரெக்கவரி கணினியைக் கொடுக்காதீர்கள், அதில் இன்டர்நெட்டும் வேண்டாம். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே வந்திருக்கிறது. குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசப் படம் கண்ணில் பட்டால் மட்டும் ரகசியம் காக்கிற பேச்சுக்கே இடமில்லை, போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

இப்போது உங்கள் 5 லட்சம். சாட்டா போர்ட் அதிகம் உள்ள ஒரு கணினி, இமேஜ் வைக்கப் பெரிய டிஸ்க்குகள், யுபிஎஸ், ஒரு நல்ல சாஃப்ட்வேர் லைசென்ஸ். ஒன்றரை லட்சத்துக்குள் அடக்கிவிடலாம். மீதியை வங்கியில் போடுங்கள், முதல் ஆறு மாதம் சர்வீஸ் வருமானத்தில்தான் கடை ஓடும். அதற்குள் சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய், பேட் செக்டர் (படிக்க முடியாத இடம்) விழுந்த பழைய டிஸ்க் இருபது வாங்கி வாருங்கள். அத்தனைக்கும் இமேஜ் எடுத்துப் பழகுங்கள். இருபதில் சில உங்கள் கையிலேயே சாகும், அவற்றில் யாருடைய கல்யாணமும் இருக்காது. அது முடிந்தபின் கடை வாசலில் போர்டு மாட்டுங்கள்.