சாஸ்-ஃபேயில் நான்கு இரவு: எந்த நாட்டு விசா?

கேள்வி: என் மனைவிக்கு வரும் ஜனவரியில் 55 வயது முடிகிறது. ‘லாஸ்ட் கிறிஸ்துமஸ்’ பாட்டு வந்தபோது பள்ளியில் படித்தவள். இன்றும் டிசம்பர் பிறந்தால் வீட்டில் அதுதான் ஓடும். அந்த வீடியோவில் வரும் பனி ஊருக்குக் கூட்டிப்போய், கொஞ்சம் ஸ்கீயும் (பனிச்சறுக்கு) பழகிவிட்டு வரலாம் என்று ஆசை. சாஸ்-ஃபேயில் நான்கு இரவு, பாரிஸில் இரண்டு இரவு, தைப்பூசக் காவடிக்கு முன் டர்பன் திரும்பிவிட வேண்டும். ஸ்விஸ் விசாவுக்கு அப்பாயின்ட்மென்ட் நேரம் கிடைக்காது, வேறு ஒரு நாட்டு விசா எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஏஜென்ட். “ஷெங்கன் எல்லாம் ஒன்றுதானே அண்ணா” என்கிறார். தலைக்கு 9,000 ராண்டு. கொடுக்கலாமா? – சாட்ஸ்வொர்த் வாசகர்

கொடுக்காதீர்கள்.

உங்கள் மனைவி ஊரைச் சரியாகவே பிடித்திருக்கிறார். 1984 நவம்பரில் ‘வாம்’ இசைக்குழுவின் ஜார்ஜ் மைக்கேலும் ஆண்ட்ரூ ரிட்ஜ்லியும் அந்த வீடியோவை எடுத்தது ஸ்விட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் உள்ள சாஸ்-ஃபேயில்தான். நான்கு இரவு நீங்கள் படுக்கப்போவதும் அங்கேதான். ஆகவே விண்ணப்பம் ஸ்விஸ்காரர்களிடம்தான் போக வேண்டும். ஷெங்கன் விசா ஒன்று இருந்தால் ஐரோப்பாவின் 29 நாடுகளில் சுற்றலாம், அதுவரை ஏஜென்ட் சொல்வது சரி. ஆனால் எந்த நாட்டிடம் கேட்பது என்பது நம் இஷ்டமில்லை. அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைத்தான் ஏஜென்ட்கள் ரப்பர் மாதிரி இழுக்கிறார்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன். சாஸ்-ஃபேயில் மூன்று, பாரிஸில் மூன்று என்று சரிபாதியாக இருந்தால், எந்த நாட்டுக்குள் முதலில் நுழைகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்கலாம். முதலில் பாரிஸ் என்றால் பிரான்ஸ், முதலில் சூரிச் என்றால் ஸ்விஸ். சரிபாதியாக இருந்தால் மட்டும்! நான்குக்கு இரண்டு என்றால் முதலில் எங்கே இறங்கினாலும் ஸ்விஸ்தான். “முதலில் இறங்கும் நாட்டு விசா போதும்” என்று யாராவது மொட்டையாகச் சொன்னால், விதியின் வாலை மட்டும் காட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சரி, பிரான்ஸ் விசா சுலபமாகக் கிடைக்கிறதே, மூன்றுக்கு மூன்று என்று மாற்றிக்கொள்ளலாமா? உண்மையிலேயே பாரிஸில் மூன்று இரவு தங்குவதானால் தாராளமாக மாற்றுங்கள். காகிதத்தில் மட்டும் மாற்றினால் அது பொய் விண்ணப்பம்.

ஏஜென்ட் செய்யப்போவதும் அந்தக் காகித வேலைதான். வேறொரு நாட்டில் ஓட்டல் பதிவு செய்வார், அச்செடுப்பார், விசா வந்த மறுநாள் ரத்து செய்வார். டிக்கெட் என்று ஒரு முன்பதிவு எண் தருவார், அது சில நாளில் தானே செத்துவிடும். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் எல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். அவர் பெயர் எங்கும் இருக்காது. மறுத்துவிட்டால் அந்த விவரம் ஷெங்கன் நாடுகளின் பொதுக் கணினிப் பதிவில் ஐந்து ஆண்டு கிடக்கும். அடுத்து எந்த நாட்டில் கேட்டாலும் அது திரையில் வரும். எல்லை அதிகாரியும் ஓட்டல் பதிவைக் காட்டச் சொல்லலாம். வேறு நாட்டு விசாவோடு சூரிச்சில் நின்று சாஸ்-ஃபே பதிவை நீட்டுவீர்களா?

வங்கிக் கணக்கில் செய்யும் தில்லுமுல்லு இன்னும் மோசம். மாதக் கடைசியில் சம்பளம், மறுநாள் வீட்டுக் கடன், அப்புறம் பேத்தியின் பள்ளிக் கட்டணம் என்று மூன்று மாதம் ஒழுங்காக ஓடும் கணக்கில், விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்பு எங்கிருந்தோ 80,000 ராண்டு வந்து உட்கார்ந்தால் அதிகாரிக்குத் தெரியாதா? இருப்பதைக் காட்டுங்கள். ஆறு இரவுப் பயணத்துக்குக் கோடீஸ்வரராக இருக்கத் தேவையில்லை.

இனி நேரம் கிடைக்காத கதை. கேட்டதிலிருந்து பொதுவாக இரண்டு வாரத்துக்குள் நேரம் தர வேண்டும் என்று ஷெங்கன் விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆகவே ஜனவரிப் பயணத்துக்கு ஜூலையிலிருந்தே தேடத் தொடங்குங்கள். நவம்பரில் விழித்துக்கொள்கிறவர்கள்தான் இந்த ஏஜென்ட்களுக்குச் சோறு போடுகிறார்கள். ரத்தாகும் இடங்கள் திரும்ப வரும், தினமும் பாருங்கள். பெரியவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம். மறுத்தாலும் விசா கட்டணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். அதற்கே எனக்கு வயிற்றெரிச்சல், இதில் 9,000 ராண்டு வேறா? கைரேகை வைக்க நீங்கள்தான் நேரில் போக வேண்டும், உங்களுக்காக ஏஜென்ட் விரல் வைக்க முடியாது.

நம் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட கல்யாணங்கள். மனைவியின் பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர், உங்களுடையதில் வேறு குடும்பப் பெயர் என்று இருந்தால், கணவன் மனைவி என்பதற்குக் காகிதம் வேண்டும். பதிவுச் சான்றிதழ் இருந்தால் அதன் முழு விவரப் பிரதிக்கு இன்றே விண்ணப்பியுங்கள். அது எப்போது கைக்கு வரும் என்று கவுன்டரில் இருப்பவருக்கே தெரியாது. பதிவே இல்லையென்றால் இருவரும் தனித்தனியாக, அவரவர் வருமானத்தைக் காட்டி விண்ணப்பிப்பதே நல்லது.

காப்பீட்டில் ஒன்றே ஒன்று. விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். அதை வாங்கிவிட்டால் ஸ்கீயும் அதில் அடங்கும் என்று நினைக்காதீர்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் பனி விளையாட்டு சேராது, தனியாகச் சேர்க்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். மலையில் கால் முறிந்தால் ஹெலிகாப்டரில் இறக்க வேண்டி வரலாம். பில் உங்களுக்குத்தான் வரும்.

சூரிச் விமான நிலையத்திலிருந்து ஓட்டல் வாசல் வரை தனிக் கார் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். சாஸ்-ஃபே ஊருக்குள் வெளிக்கார்களுக்கு அனுமதி கிடையாது. எல்லாரும் ஊர் எல்லையில் நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். விஸ்ப் வரை ரயில், அங்கிருந்து மஞ்சள் தபால் பஸ், அதுவே போதும்.

ஸ்கீ பூட்ஸ் காலில் ஏறுமா என்று மனைவிக்குச் சந்தேகம் இருந்தால், அதற்கு முன் வரும் ஜூலையில் லெசோத்தோவின் ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்கு மையத்துக்கு ஒரு வார இறுதி போய்ப் பார்க்கலாம். தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா வேண்டாம், ஏஜென்டும் வேண்டாம். ஆனால் மலைப்பாதையில் பனி உறைந்திருக்கும், சக்கரச் சங்கிலி எடுத்துக்கொண்டு போங்கள்.