பால்கனியில் பேட்டரி சார்ஜ் போடாதே, தம்பி

தம்பி, ஊர் புதுச்சேரி முத்தியால்பேட்டை என்று போட்டிருந்தாய், நம்ம ஊர்ப் பிள்ளை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கனடாவில் மோன்ரியாலுக்கு வருகிறாய், எந்தக் கோட்டு வாங்குவது, புதுச்சேரியில் படித்த பிரெஞ்சு போதுமா, டெலிவரி வேலைக்கு மின்சார சைக்கிள் எடுத்தால் பேட்டரியைப் பால்கனியில் சார்ஜ் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். கோட்டை இங்கே வந்து வாங்கு. பிரெஞ்சு முதல் மாதம் ஒன்றும் காதில் ஏறாது, அப்புறம் சரியாகிவிடும். பேட்டரிக்கு வருகிறேன்.

0 டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போடவே போடாதே. மைனஸ் 10-இலும் வண்டி ஓடும், தூரம்தான் குறையும். ஆனால் சார்ஜ் ஏற்றும்போது லித்தியம், பேட்டரிக்குள் ஒரு முனையில் இருக்கும் கிராஃபைட் என்ற கரிக்குள் போய் உட்கார வேண்டும். குளிரில் அது நுழைய முடியாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். பேட்டரியின் கொள்ளளவு போய்விடும், போனது திரும்பாது. படிந்தது ஊசி மாதிரி வளர்ந்து உள்ளே ஷார்ட் ஆனால் நெருப்புதான்.

இதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது. 2014-இல் வீட்டுக்காரர் சைக்கிளை உள்ளே விடமாட்டேன் என்றார். பின்பக்கக் கொட்டகைக்கு ஒயர் இழுத்து, மைனஸ் 15-இல் ராத்திரி சார்ஜ் போட்டேன். 5 மணி நேரம் பிடிப்பது 2 மணி நேரத்திலேயே பச்சை விளக்கு! குளிருக்குச் சீக்கிரம் ஏறுகிறதே என்று சந்தோஷப்பட்டேன் பார். குளிரில் பேட்டரிக்குள் மின்சாரத்துக்கு இருக்கும் தடை கூடி வோல்டேஜ் சட்டென்று உச்சத்தைத் தொட, நிறைந்துவிட்டது என்று சார்ஜர் ஏமாந்திருக்கிறது. 40 கிலோமீட்டர் போன வண்டி அந்தப் பனிக்காலம் முடிவதற்குள் 12-இல் நின்றது, யாரோ காத்திருந்த சூப்போடு.

ஆகவே பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவா. வந்ததும் அதன் மேல் ஈரம் வேர்க்கும். இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, துடைத்து, அதன் சார்ஜரிலேயே போடு. வாசல் வழியை மறித்து வைக்காதே, போட்டுவிட்டுத் தூங்காதே. குளிரில் சார்ஜ் ஏற்காமல் தானே நிறுத்திக்கொள்ளும் பேட்டரிகள் இருக்கின்றன, காசு கூட என்றாலும் அதையே வாங்கு. ஹேர் டிரையரால் சூடாக்கு என்று நம் ஆட்களே சொல்வார்கள், கேட்காதே. பாரீஸ் சொந்தங்களிடமும் யோசனை கேட்காதே. சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், மைனஸ் 3-க்கே போனில் புலம்புவார்கள்.

என்னைச் சொல்லியும் குற்றமில்லை. அப்பா நெல்லித்தோப்பில் பேட்டரிக் கடை வைத்திருந்தார். மே மாத வெயிலில் இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி வளர்ந்தவன் நான். நிழலில் வை, குளிர்ச்சியாக வை என்பதுதான் எனக்குத் தெரிந்த பாடம். வண்டி நின்ற அன்று ராத்திரி 8 மணிக்கு அவருக்குப் போன் போட்டேன், அங்கே காலை ஆறரை. எல்லாம் கேட்டுவிட்டு, “குளிர்ச்சியில பேட்டரி கெடாதுடா, வேற ஏதோ பண்ணியிருக்க” என்றார். கடைசிவரை அவர் நம்பவில்லை.