பாட்டிலைத் திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்ல முடியுமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: அறிவியல் தினத்துக்கு மகள் பள்ளியில் ராமன் விளைவு பற்றிப் பேசினாள். கடல் நீலமாக இருப்பது அதனால்தான் என்று எழுதிக் கொடுத்தேன். சரிதானே? இன்றைக்கு அதனால் ஏதாவது பயன் உண்டா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: மகளுக்கு வாழ்த்துகள். அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள். 1921-இல் கப்பலில் வரும்போது கடல் ஏன் நீலம் என்று யோசித்துத்தான் ராமன் ஒளிச்சிதறல் ஆராய்ச்சியில் இறங்கினார் என்பது உண்மை. ஆனால் கடலின் நீலத்துக்குப் பெரும் காரணம், தண்ணீர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவது. ராமன் விளைவு வேறு. ஒரே நிற ஒளியை ஒரு பொருளின் மேல் பாய்ச்சினால், ஏறக்குறைய கோடியில் ஒரு ஒளித்துகள் மட்டும் நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுகிறது என்பது மூலக்கூறு அதிரும் விதத்தைப் பொறுத்தது, அதனால் பொருளுக்குப் பொருள் அது கைரேகை மாதிரி. இந்த மாற்றத்தை எண்ணாக அளந்து வரைந்தால், மதுவில் இருக்கும் எத்தனால் 880 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கோடு காட்டும், ஆளைக் கொல்லும் மெத்தனால் 1030 பக்கத்தில் காட்டும். பார்வைக்கு இரண்டும் வெறும் தண்ணீர் போலத்தான் இருக்கும்.

1928-இல் கல்கத்தாவில் ராமனும், நம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளி, வண்ணக் கண்ணாடிகள், வெறும் கண் இவற்றை வைத்தே இதைக் கண்டுபிடித்தார்கள். கோடியில் ஒன்றைக் கண்ணால் பிடித்திருக்கிறார்கள், எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் ஒளி அவ்வளவு மங்கல் என்பதே பிறகு பெரிய தடையாகிவிட்டது, 1960-இல் லேசர் வந்த பிறகுதான் இது பரிசோதனைக்கூடங்களில் மறுபடி உயிர் பெற்றது. அப்புறம் 1974-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில், சொரசொரப்பாக்கிய வெள்ளியில் ஒட்டிய பிரிடின் என்ற வேதிப்பொருள் எதிர்பார்த்ததைவிடப் பளிச்சென்று தெரிந்தது. வெள்ளியின் பரப்பே அந்த ஒளியை லட்சம் மடங்குக்கு மேல் பெருக்குகிறது என்று மூன்று வருடம் கழித்துத்தான் புரிந்தது. இன்று செவ்வாயில் ஓடும் பெர்செவரன்ஸ் ஊர்தியிலும் ராமன் கருவி இருக்கிறது. இதையும் மகளைப் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐரோப்பாவில் ஒரு விமான நிலையத்தில் என் மருந்து பாட்டிலை ஒரு இயந்திரத்துக்குள் வைத்து, திறக்காமலே சில நொடிகளில் திருப்பித் தந்தார்கள். என்ன பார்த்திருப்பார்கள்?
(வாசகர், கோவை)

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது ராமன் வகைக் கருவியாக இருக்கலாம். வெளியிலிருந்து லேசர் அடித்தால் முதலில் பாட்டிலின் பிளாஸ்டிக்தான் பதில் சொல்லும், உள்ளே இருக்கும் மருந்தின் குரல் அதில் அமுங்கிவிடும். இதற்கு 2005-இல் இங்கிலாந்தின் ரூதர்ஃபோர்ட் ஆப்பிள்டன் ஆய்வகத்தில் பாவெல் மட்டூசெக்கும் அவர் குழுவினரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சின்ன வயதில் கரண்ட் போனபோது டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்திருப்பீர்கள், ஒளி விழுந்த இடம் மட்டுமில்லாமல் சுற்றிலும் சிவப்பாகத் தெரியும். உள்ளே போன ஒளி அலைந்து திரிந்து பக்கத்தில் வெளியே வருகிறது, அவ்வளவுதான். அதே மாதிரி, லேசர் விழும் புள்ளியிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி வரும் ஒளியைப் பிடித்தால் அதில் உள்ளே இருக்கும் பொருளின் பங்கு அதிகம். அதே புள்ளியில் வரும் ஒளியில் பிளாஸ்டிக்கின் பங்கு அதிகம். இரண்டையும் அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைத் தக்க அளவில் கழித்தால் பிளாஸ்டிக் போய், மருந்து மட்டும் மிஞ்சும். புதிதாக ஒரு லேசரோ விலையுயர்ந்த உலோகமோ தேவைப்படவில்லை, பார்க்கும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்தினார்கள்! கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

2017-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் இதே முறையில், கையில் பிடிக்கும் கருவியாலேயே மூடிய மது பாட்டிலுக்குள் இருந்த மிகக் குறைந்த அளவு மெத்தனாலைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். மெத்தனால் கலந்த சாராயத்துக்கு நம் ஊரில் எத்தனை குடும்பங்களைப் பறிகொடுத்திருக்கிறோம். சாராயத்தைப் பிடிக்கும் இடத்திலேயே சோதிக்க இப்படி ஒரு கருவி கைவசம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: பால் கலப்படத்தை வீட்டிலேயே இதை வைத்துப் பார்க்கலாமா?
(வாசகி, சேலம்)

பதில்: இப்போதைக்கு முடியாது. கருவி லட்சக்கணக்கில் விலை, தவிர, வந்த கோடுகளை ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பாலின் பதிவுகள் நிறைய வேண்டும். சில பொருள்கள் லேசர் பட்டதும் தாங்களாகவே ஒளிர்ந்து கோடுகளை மறைத்துவிடும். தகர டின்னுக்குள் லேசர் நுழையவே நுழையாது. சந்தேகம் இருந்தால் கொஞ்சம் பாலைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து, கெட்டுப்போவதற்குள் உணவுப் பாதுகாப்புத் துறையின் ஆய்வகத்தில் கொடுங்கள்.