எழுத்து தெரியாமல் பாடலாமா?

அன்புள்ள ஐயா,

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கூட்டுப்பாடல் குழு பிப்ரவரியில் மறுபடி ஒத்திகை தொடங்குகிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நிகழ்ச்சி. குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நான்கைந்து பேர்தான். மற்றவர்கள் தேவாரத்தைக்கூட ஆங்கில எழுத்தில் பார்த்துத்தான் பாடுகிறோம். கோயில் பெரியவர் ஒருவர், “இது கிளிப்பிள்ளைப் பாட்டு. முதலில் அ, ஆ படியுங்கள், அப்புறம் மேடை ஏறலாம்” என்று சொல்லிவிட்டார். இந்த ஆண்டு பக்கத்துத் தெரு ஜூலு பெண்கள் இருவரும் சேர வருகிறார்கள். பேசாமல் தமிழ்ப் பாட்டைக் குறைத்துவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

குறைக்க வேண்டாம்.

நம் தென்னாப்பிரிக்க தேசிய கீதத்தில் ஐந்து மொழிகள்: கோசா, ஜூலு, செசோத்தோ, ஆப்ரிக்கான்ஸ், ஆங்கிலம். 1997 முதல் இந்த வடிவம்தான். டர்பனில் இருக்கும் நம்மில் எத்தனை பேருக்கு செசோத்தோவில் ஒரு வாய்த் தண்ணீர் கேட்கத் தெரியும்? ஆனால் கீதம் தொடங்கினால் எழுந்து நின்று அந்த வரிகளையும் பாடத்தான் செய்கிறோம். யாரும் நம்மைக் கிளிப்பிள்ளை என்பதில்லை.

நான் முன்பு பாடிய குழுவில் ஓர் ஆயா இருந்தார். தமிழும் படிக்கத் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. மின்வெட்டு மும்முரமாக இருந்த நாட்களில் ஒருமுறை, பாட்டின் நடுவில் மண்டபமே இருண்டுவிட்டது. காகிதம் வைத்திருந்த நாங்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் நின்றோம். யாரோ கைபேசி விளக்கைத் தேடுகிறார், இன்னொருவர் நாற்காலியில் இடித்துக்கொள்கிறார். ஆயா மட்டும் நிறுத்தவில்லை. நான்கு வரிகளைத் தனியாகவே பாடிக் கொண்டுபோனார். ஐந்தாம் வரியில் நாங்கள் வெட்கத்தோடு சேர்ந்துகொண்டோம். நான் உட்பட அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர்களும் இருந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, பெரியவர் சொல்வதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆங்கில எழுத்து குறில் நெடிலைத் தின்றுவிடும். நம் பாட்டுப் புத்தகங்கள் பலவற்றில் மலைக்கும் மாலைக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்தான். எங்கள் குழுவில் ஓர் அண்ணன் சாமிக்கு மாலை சூட்டுவதற்குப் பதில் வாரக்கணக்கில் மலையைச் சூட்டிக்கொண்டிருந்தார். ழகரத்துக்குப் போடும் zh என்ற இரண்டு எழுத்தைப் பார்த்து நாக்கில் வண்டு பறப்பதுபோல் பாடுகிறவர்களும் உண்டு. கூட்டுப்பாட்டில் இது தனி ஆள் தவறாக நிற்காது. பாதிப் பேர் நெடிலை இழுக்க, மீதிப் பேர் குறிலில் முடித்துவிட்டால் தாளமே இரண்டாகப் பிரிந்துவிடும்.

அதனால் முதல் இரண்டு வாரம் ராகமே வேண்டாம். தமிழ் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு வரியையும் பேசுவதுபோல் சொல்லட்டும், மற்றவர்கள் திருப்பிச் சொல்லட்டும். காகிதத்தில் நெடில் வரும் இடத்தில் எல்லாம் மேலே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வரியின் பொருளை ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால் போதும், பதவுரை வேண்டாம். அந்த வாசிப்பை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் வேலைக்குப் போகும் வழியில் கேட்பார்கள். ஏப்ரலுக்கு மூன்று பாட்டு போதும். பத்துப் பாட்டு ஆசை எல்லாக் குழுவுக்கும் பிப்ரவரியில் வரும்!

ஜூலு பெண்கள் வருவது உங்கள் அதிர்ஷ்டம். இந்த நாட்டு ஆப்பிரிக்கப் பாடகர் குழுக்கள் பலவும் டோ, ரே, மி எழுத்துகளை வைத்தே பாட்டு கற்கின்றன. மிஷனரிகள் கொண்டுவந்த முறை. அதில் டோ எந்தச் சுருதியிலும் நிற்கும், நம் ஆதார ஷட்ஜமான ச போலவே. அந்த இருவருக்கும் இது பழக்கம் என்றால், கரும்பலகையில் மேல் வரிசையில் ச ரி க ம ப த நி, அதன் கீழே டோ ரே மி ஃபா சோ லா டி என்று எழுதுங்கள், பாதி வேலை முடிந்தது. ஒரே வம்பு, அவர்களின் மி நமக்குக் காந்தாரம், அதாவது க; நம் ம அவர்களுக்கு ஃபா. நாங்கள் இதில் ஒரு மாலை முழுக்கக் குழம்பினோம். மோகன ராகத்தில் தொடங்கினால் தப்பிக்கலாம். ச ரி க ப த என்று ஐந்தே சுரம், மத்தியமமான ம கிடையவே கிடையாது.

அவர்கள் நான்கு குரலில் பாடிப் பழகியிருக்கலாம். தேவாரத்துக்கு அப்படி ஒத்திசைவு கட்டும் ஆசை யாருக்காவது வரும், கொஞ்சம் தடுத்து வையுங்கள். கனத்த குரல்கள் தம்புரா மாதிரி ச, ப இரண்டையும் மெல்லப் பிடித்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் மெட்டைப் பாடினாலே அழகாக இருக்கும். இது என் ரசனை, சட்டம் இல்லை.

அப்புறம், அந்தப் பெரியவர். அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். வரிகளை வாசித்துக் காட்ட ஆள் வேண்டும் என்று அவரையே முதல் ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள், மறுக்க மாட்டார். தேநீருக்கு முன்னால் வாசிக்க வையுங்கள். தேநீர் முடிந்தால் பாதிப் பேர் யார் காரில் இடம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.