தூக்கி வைத்தால் குழந்தை கெட்டுப்போகுமா?

கேள்வி: எங்கள் பெண் குழந்தைக்கு ஐந்து மாதம். லேசாகச் சிணுங்கினாலே என் மனைவி ஓடிப்போய்த் தூக்கிவிடுகிறாள். பகலில் துணியால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு வீட்டு வேலை செய்கிறாள், ராத்திரி பக்கத்திலேயே போட்டுக்கொண்டு மூன்று நான்கு தடவை பால் கொடுக்கிறாள். கேட்டால், மொபைலில் பார்த்த 'அட்டாச்மென்ட் பேரன்டிங்', குழந்தையை ஒட்டியே வைத்து வளர்க்கிற முறை என்கிறாள். கைச்சூடு பழகிவிட்டால் அப்புறம் கீழே விடவே முடியாது என்கிறார் என் அம்மா. மனைவி அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும், இப்போதே களைத்துப்போய் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். இரண்டு ராத்திரி அழவிட்டால் சரியாகிவிடும் என்று நான் சொன்னால் கேட்பதில்லை. இந்த வெளிநாட்டு ஃபேஷன் நமக்குத் தேவையா? நீங்களாவது அவளுக்குப் புரியும்படி எழுதுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: அவருக்கு எழுத என்னிடம் ஒன்றுமில்லை, உங்களுக்கு எழுதத்தான் நிறைய இருக்கிறது. மனைவி தூக்குகிறார், பால் கொடுக்கிறார், கட்டிக்கொள்கிறார், எரிந்து விழுகிறார். அம்மா என்ன சொன்னார் என்பதும் கடிதத்தில் இருக்கிறது. குழந்தையை நீங்கள் எப்போது தூக்குகிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லையே?

வெளிநாட்டுச் சரக்கு என்கிறீர்கள். பெயர் அங்கிருந்து வந்ததுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் வில்லியம் சியர்ஸும் அவர் மனைவி மார்த்தாவும் பரப்பிய பெயர் அது. ஆனால் பாலைக் குடித்துக்கொண்டே அம்மா பக்கத்தில் தூங்குவதும், இடுப்பிலும் தோளிலும் தொங்குவதும் நம் வீடுகளுக்குப் புதிதா என்ன? அழவிட்டுப் பழக்கு என்கிறீர்களே, அதுதான் உண்மையில் அங்கே வளர்ந்த யோசனை. ஜான் வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1928-இல், குழந்தையைக் கட்டிப்பிடிக்காதே, முத்தம் கொடுக்காதே, மடியில் உட்கார வைக்காதே, காலையில் கைகுலுக்கினால் போதும் என்று தாய்மார்களுக்குப் புத்தகமே எழுதினார்.

அப்புறம், ஐந்து மாதக் குழந்தைக்கு ராத்திரி பசிக்கத்தான் செய்யும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. அந்தப் பசிக்கு அழுகிற குழந்தையை விடியும்வரை விட்டுவைக்கச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கைச்சூடு விஷயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கனடாவின் மான்ட்ரியலில் நடந்து 1986-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அழாதபோதும் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறு வார வயதில் மற்றக் குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. அம்மாவிடம் மரியாதையாகவே இதைச் சொல்லுங்கள், அவர் வெறுப்பில் சொல்லவில்லை, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

ஆனால் மொபைலில் வருவதெல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. இதைச் செய்யாவிட்டால் பிணைப்பு அறுந்துவிடும், தொட்டிலில் போட்டால் குழந்தை மனசு உடைந்துவிடும் என்று தாய்மார்களைப் பயமுறுத்துகிற பேச்சு நிறைய ஓடுகிறது. தாய்க்கும் குழந்தைக்குமான பிணைப்பை ஆராயும் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான மேரி எய்ன்ஸ்வொர்த், முதலில் உகாண்டாவிலும் பிறகு அமெரிக்காவின் பால்டிமோரிலும் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து தாயையும் குழந்தையையும் கவனித்தவர். எத்தனை மணி நேரம் தூக்கினாய் என்பதைவிட, குழந்தை காட்டும் குறிப்பைப் புரிந்துகொண்டு பக்குவமாகப் பதில் கொடுக்கிறாயா என்பதற்குத்தான் அவர் அதிக எடை கொடுத்தார். துணியில் கட்டாவிட்டாலும், ராத்திரி தனிப் படுக்கையில் போட்டாலும், அந்தப் பதில் கிடைத்தால் குழந்தை நன்றாகவே ஒட்டிக்கொள்ளும்.

இனி உங்களுக்கான செய்தி. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1964-இல் ஷாஃபர், எமர்சன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் ஒட்டிக்கொண்டிருந்தன, முக்கால்வாசிக் குழந்தைகள் அப்பாவிடமும். கூடவே இருந்த நேரத்தைவிட, அழுகைக்கும் சிரிப்புக்கும் யார் பதில் கொடுத்தார்கள் என்பதுதான் அங்கேயும் முக்கியமாக இருந்தது. அப்படி ஒட்டிக்கொள்வது தெளிவாகத் தொடங்குகிற வயதை உங்கள் மகள் இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் தொடப்போகிறாள், அப்போது நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டாமா?

பழைய வீடுகளிலும் குழந்தை கைச்சூட்டில்தான் வளர்ந்தது, ஆனால் பாட்டி, சித்தி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று கை மாறிக்கொண்டே இருந்தது. ஒருத்தி சமைக்கும்போது இன்னொருத்தி தூளியை ஆட்டினாள். உங்கள் வீட்டில் அத்தனையும் ஒரே பெண்ணின் முதுகில் இருக்கிறது, அதனால்தான் எரிந்து விழுகிறார்.

என்ன செய்யலாம்? மனைவி வேலைக்குப் போன பிறகு பாலைப் பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் 4 நாள்வரை தாங்கும். அதைப் பாலாடையிலோ சங்கிலோ கொடுக்கப் பழகுங்கள். முதலில் வெளியே துப்புவாள், கழுத்தெல்லாம் வழியும். தலையை உயர்த்திப் பிடித்து, ஓரத்தைக் கீழ் உதட்டில் வைத்துக் காத்திருங்கள், அவளே நாக்கை நீட்டி உறிஞ்சுவாள், ஊற்றாதீர்கள். இதை இன்றைக்கே தொடங்குங்கள், கடைசி நாள்வரை தள்ளிப்போட்டால் மூன்று பேரும்தான் திண்டாடுவீர்கள்.

மனைவியின் கம்பெனியில் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால், சட்டப்படி குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதி உண்டு. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளைக்கு இரண்டு இடைவேளையும் உண்டு. எச்.ஆரிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், கூடப் போய் நில்லுங்கள்.

பக்கத்தில் படுக்க வைப்பதில் மட்டும் கவனம் தேவை. ஒரே அறையில் தனிப் படுக்கைதான் பாதுகாப்பு என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் நிலை. மெத்தென்ற படுக்கையும் தலையணையும் போர்வையும் குழந்தை மூச்சை அடைக்கலாம். நீங்கள் சிகரெட் பிடிப்பவர் என்றாலோ, குடித்திருந்தாலோ அந்தப் படுக்கைப் பக்கமே போகாதீர்கள். துணியில் கட்டும்போது முகம் வெளியே தெரிய வேண்டும், குழந்தையின் தாடை அதன் நெஞ்சிலேயே அழுந்தக் கூடாது.

இன்னொன்று, அந்த எரிச்சல். குழந்தை தூங்கும்போதுகூட அவருக்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகிறார், எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணிலும் பேசலாம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைத் திமிர் என்று நினைத்துக் குடும்பமே திட்டுகிற கொடுமை இன்னும் நடக்கிறது, உங்கள் வீட்டில் அது நடக்கக் கூடாது.

அவர் வேலையில் சேரும் முதல் வாரம் நீங்கள் லீவு போடுங்கள். தனியார் கம்பெனியில் அப்பாவுக்கென்று சட்டப்படி தனி லீவு கிடையாது, அது அநியாயம்தான், ஆனாலும் இருக்கிற லீவில் எடுத்துக்கொள்ளுங்கள், முதலாளியிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லியே கேளுங்கள்.